கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க வீடுகளுக்கும் போவேன். போனை எடுத்தால், "தம்பி, சவுண்ட் டிரைவர் போயிருச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் டிரைவர் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். வேறு ஏதாவது போயிருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி கடைசிப் பக்கம் இருக்கிறது.

டிரைவர் டிரைவர்ங்கிறீங்களே, அது பொருளா, சாப்ட்வேரா?

சாப்ட்வேர்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஒலிக்கென்று நகத்தளவு ஒரு சிப் இருக்கும். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது ரியல்டெக் கம்பெனியின் சிப். பாட்டு கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இந்தச் சிப். விண்டோஸ் முதலாளி என்றால் சிப் வேலையாள். நடுவில் நிற்கிற கணக்கப்பிள்ளைதான் டிரைவர். முதலாளி சொல்வதை வேலையாளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

கணக்கப்பிள்ளை வராவிட்டாலும் வேலை நிற்கும், வேலையாள் படுத்துவிட்டாலும் நிற்கும், முதலாளி ஆளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் நிற்கும். பழி மட்டும் எப்போதும் கணக்கப்பிள்ளை மேல்.

நேத்து ராத்திரி வரைக்கும் பாட்டுக் கேட்டேன். இன்னைக்குச் சத்தமே இல்லை. முதல்ல எதைப் பார்க்கணும்?

ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வீடு கூட்டும்போது பிளக் கழன்றுபோன கேஸ் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். அப்புறம் ஸ்பீக்கர் பின்னைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி உங்கள் மொபைலில் சொருகிப் பாருங்கள். மொபைலிலும் கேட்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள், ஸ்பீக்கரோ வயரோதான் போயிருக்கிறது. மொபைலில் கேட்டால் பின்னைத் திரும்பக் கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் நன்றாக அழுத்திச் சொருகுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. மூன்றும் ஒரே அளவு ஓட்டை என்பதால் இருட்டில் கைத்தடவலில் மாறிப்போவது சகஜம்.

அதன் பிறகு ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒன்றல்ல. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் செய்தாலும் டிரைவர்கள் அடங்கிய உள்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். நேற்றைய கோளாறும் சேர்ந்தே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

சத்தக் கோடு ஏறி ஏறி இறங்குது, ஆனா சத்தம் மட்டும் காணோம். இது என்ன மாயம்?

சவுண்ட் செட்டிங்ஸில் பச்சைக் கோடோ நீலக் கோடோ ஆடுகிறது என்றால் விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, வேறு விலாசத்துக்கு. எச்டிஎம்ஐ வயரில் டிவியையோ மானிட்டரையோ இணைத்தால் அதையும் ஒரு ஸ்பீக்கராக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பல சமயம் அதையே முதன்மையாகவும் ஆக்கிவிடும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம். அதைப் பற்றி விண்டோஸுக்குக் கவலை கிடையாது.

பள்ளத்தூரில் ஒரு பெரியவர் வீட்டுக்கு டிரைவர் போடப் போனேன். பட்டாலைக் கூடத்தில் கம்ப்யூட்டர், உள்ளறையில் டிவி, நடுவில் நீள எச்டிஎம்ஐ வயர். பாட்டைப் போட்டுவிட்டு நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஆச்சி, "அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றார். அவ்வளவுதான் வேலை. கீழ்மூலையில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் விண்டோஸ் 10இல் மேலே சாதனத்தின் பெயர் இருக்கும், விண்டோஸ் 11இல் வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அதைத் தொட்டு சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்பீக்கர் படத்து மேல சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கே?

ஒலி வெளியேற ஒரு வழிகூட விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பின் சொருகாமல் இருந்தாலே சில கம்ப்யூட்டர்களில் இப்படிக் காட்டும், அதனால் முதலில் அதைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், தேடல் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’ என்ற இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள், ஓடினால் ரீஸ்டார்ட் கொடுங்கள். ‘கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம்’ என்று சொல்லும் புரோகிராம்கள் இவற்றை நிறுத்திவைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதற்கும் மசியாவிட்டால் அடுத்த கேள்வி.

டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் தெரியுது. இப்பவாவது டிரைவர்தானே?

இப்போது ஆமாம், அல்லது ஆமாம் மாதிரி. ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் வரும். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்ற வரியைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள பெயரை இரண்டு முறை சொடுக்கினால் ஒரு கோட் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னாலே போனில் பாதி வேலை முடிந்துவிடும். 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் கிளம்பவில்லை. பெரும்பாலும் பொருந்தாத டிரைவர். 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் இருந்தால் 22 வருவது சாதாரணம்.

அந்த வரியே இல்லையென்றால் ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் பெயர் தெரியாத ஒன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன்பே திறக்கிற செட்டிங்ஸ்) ஒலி அணைக்கப்பட்டிருக்கலாம், இல்லையேல் சிப்பே போயிருக்கலாம். அதை இடி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டிரைவரை எங்கேருந்து இறக்குறது? தேடினா ஆயிரம் வருது.

அந்த ஆயிரத்தில் பெரும்பாலானவை உங்களுக்கு ஆகாது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை டிரைவர் பழசாகிவிட்டது’ என்று சிவப்பில் பயமுறுத்தி, கடைசியில் காசு கேட்கும் புரோகிராம்கள் பக்கமே போகாதீர்கள். லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் சப்போர்ட் பகுதியில் அந்த எண்ணைக் கொடுங்கள். கடையில் கூட்டிச் சேர்த்த டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டின் மாடல் வேண்டும். போர்டிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். மூடியைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பேஸ்போர்டு’ என்ற வரிகளைப் பாருங்கள்.

எந்தச் சிப் என்றே தெரியாதவர்களுக்கு ஒரு வழி: டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். ‘வென்’ (வி, இ, என்) என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வருவதைப் படியுங்கள். 10ஈசி என்றால் ரியல்டெக். 8086 என்றால் இன்டெல். 10டிஈ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. கடைசி இரண்டும் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகிற ஒலிதான், உங்கள் பச்சை ஓட்டைக்குச் சம்பந்தமில்லாதவை. என்விடியா டிரைவரை மூன்று முறை போட்டும் சத்தம் வரவில்லை என்று ஒருவர் புலம்பினார். எப்படி வரும்?

சமீபத்திய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல். இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற டிரைவர் உட்கார்ந்தால்தான் ரியல்டெக் சிப் விண்டோஸ் கண்ணுக்கே தெரியும். அதனால் லேப்டாப் கம்பெனியின் அதே தளத்திலிருந்து மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர், ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் இரண்டையும் முதலில் போட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஆடியோ டிரைவரைக் கடைசியில் போடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆச்சு, அதோட சத்தம் போச்சு. பழையபடி ஆக்க முடியாதா?

முடியும். டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் ‘டிரைவர்’ பகுதியில் ‘ரோல்பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான். அது மங்கலாக இருந்தால் திரும்பிப்போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள்.

அப்போது நான் செய்வது இது. ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, நெட்டில் தேடச் சொல்லாமல் கம்ப்யூட்டருக்குள் தேடும் வழியை எடுத்து, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொன்னால் ‘ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்று ஒன்று வரும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தரும் பொது டிரைவர் அது. ரியல்டெக்கின் ஈக்வலைசர் போன்ற அலங்காரங்கள் இருக்காது, ஆனால் சத்தம் வரும். தளத்தில் பெயரே கிடைக்காத பழைய போர்டுகளுக்கும் இதுதான் கை கொடுக்கிறது. என் சொந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாக இதுதான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

பின்னாடி சொருகினா கேட்குது, முன்னாடி சொருகினா கேட்கலையே?

முன்பக்க ஓட்டையிலிருந்து ஒரு வயர் மதர்போர்டுக்குப் போகும். கேபினெட் மாற்றியவர்கள், தூசி தட்டியவர்கள் அதைத் திரும்பச் சொருக மறந்திருப்பார்கள். பழைய கேபினெட்களில் அந்த வயரின் நுனியில் இரண்டு பிளக் இருக்கும், ஒன்று ஏசி97, இன்னொன்று எச்டி ஆடியோ. முதலாவது 1997இல் வந்த முறை, இரண்டாவது 2004இல் வந்தது. இன்றைய போர்டுக்கு எச்டி ஆடியோ என்று எழுதியதைத்தான் சொருக வேண்டும். ஏசி97 வயர் மட்டுமே இருந்தால், ரியல்டெக் செட்டிங்ஸில் முன்பக்க ஜாக்கைத் தானாகக் கண்டுபிடிப்பதை நிறுத்தச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால் சமாளிக்கலாம்.

மொபைல் ஹெட்செட்டைச் சொருகினா பாட்டுக் கேட்குது, நான் பேசுறது அவங்களுக்குப் போகலை.

பின்னைக் கையில் எடுத்து கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் என்றால் ஒலி, மைக் இரண்டும் ஒரே பின்னில். டெஸ்க்டாப்பின் பச்சை ஓட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு வளையப் பின்தான் தெரியும், மைக்கை அது கண்டுகொள்ளாது. ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஒய் வயர் மொபைல் கடைகளில் கிடைக்கிறது. லேப்டாப்பில் இந்தச் சிக்கல் குறைவு.

வளையமெல்லாம் சரி, அப்படியும் மைக் செத்துக்கிடக்கிறதென்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை.

சிங்கப்பூர்ல இருக்கிற மகன், ‘ஆத்தா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு’ங்கிறான். டிரைவர் மாத்தணுமா தம்பி?

வீட்டைத்தான் மாற்ற வேண்டும் ஆச்சி! நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல் அல்லது பளிங்கு. சுவரில் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கூரை, நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம். ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே ஒரு துணிகூட இல்லை. ஒரு சொல் சொன்னால் அது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வருவதற்குள் நீங்கள் மூன்றாவது சொல்லில் இருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் காது அதைப் பழகிக்கொள்கிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் புது மைக், புது டிரைவர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் லேப்டாப்பை வளவிலிருந்து பெட்டி, படுக்கை, ஜமுக்காளம் எல்லாம் அடுக்கி வைத்திருந்த சின்ன அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். மறுமுனையில் இருந்த மகன், "என்ன பண்ணீங்க?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை. அறைக்கு மாற முடியாவிட்டால் வாயருகே மைக் வருகிற ஹெட்செட் போடுங்கள், மேஜைக்குப் பின்னால் கொடி கட்டி நாலு கண்டாங்கிச் சேலையைத் தொங்கவிடுங்கள். மைக் பூஸ்ட் 20, 30 டெசிபல் என்று ஏற்றி வைத்திருந்தால் குறையுங்கள். அது உங்கள் குரலோடு சுவரின் எதிரொலியையும் சேர்த்தே பெருக்குகிறது.

மகனுக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால் அது வேறு நோய். உங்கள் ஸ்பீக்கரில் வரும் அவர் குரல் உங்கள் மைக்குக்குள் திரும்பப் போகிறது. ஸ்பீக்கரை அணைத்து ஹெட்செட்டுக்கு மாறினால் அந்த நொடியே நிற்கும்.

பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல் ஓயாம வருது. எந்த டிரைவர் போட்டும் போகலை.

போகாது. அது கரண்டின் குரல். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50, அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸ்தான் உங்களுக்கு ‘ம்ம்ம்’ என்று கேட்கிறது. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் வைத்திருப்பார்கள், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை விட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிற வீடுகள் இவைதான்.

வீட்டில் எர்த் சரியாக இருந்தும் வந்தால், கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வேறு வேறு பிளக் பாயின்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. டிவியோடு இணைத்திருந்தால் கேபிள் டிவி வயரை ஒரு நிமிடம் உருவிப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் அந்த இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சல் நிற்கிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று அப்படி உடைத்த பிளக்கை நான் பார்த்திருக்கிறேன்.

இரைச்சல் இல்லை, கரகரன்னு விட்டு விட்டு வருது. அது?

ஸ்பீக்கரின் வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் திருகுக்குள் தூசி. பின்னை ஆட்டினால் கரகரத்தால் ஓட்டை தளர்ந்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால்தான் சாப்ட்வேர் பக்கம் வர வேண்டும்.

ஸ்பீக்கர் பிராப்பர்ட்டீஸில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் அணையுங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைப் போடுங்கள். சுத்தமாக வந்தால் குற்றவாளி சவுண்ட் டிரைவர் இல்லை, வைஃபை டிரைவர். அது பிராசசரைக் கூடுதல் நேரம் பிடித்துவைத்துக்கொள்வதால் ஒலி தன் முறைக்குக் காத்திருந்து அறுந்துபோகிறது. எந்த டிரைவர் இழுத்தடிக்கிறது என்று காட்ட லேட்டன்சிமான் என்ற புரோகிராம் இருக்கிறது, பத்து நிமிடம் ஓடவிட்டால் பெயரோடு சொல்லிவிடும்.

ப்ளூடூத் ஹெட்செட்ல பாட்டு நல்லா இருக்கு, மீட்டிங் ஆரம்பிச்சா தகர டப்பா மாதிரி ஆயிடுது.

பழுதில்லை. பாட்டுக்கு ஸ்டீரியோ, பேச்சுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று ப்ளூடூத்துக்கு இரண்டு முறைகள். மைக்கைத் தொட்டதும் பழைய ஹெட்செட்கள் இரண்டாவதுக்கு இறங்கிவிடும். மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் காதில் ஸ்டீரியோ அப்படியே இருக்கும்.

ஐப்பசியில இடி இடிச்ச அன்னைக்குப் போனது. கம்ப்யூட்டர் ஓடுது, சத்தம் மட்டும் இல்லை.

இடியன்று மின்கம்பி வழியாகவோ டெலிபோன், கேபிள் வயர் வழியாகவோ வந்த வீச்சில் ஒலிச் சிப் மட்டும் கருகியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் ரியல்டெக்கின் அடையாளமே இல்லை, பயாஸில் ஒலி ஆனில்தான் இருக்கிறது என்றால் ஏறக்குறைய உறுதி.

இதற்காக மதர்போர்டு மாற்ற வேண்டாம். விரல் நீளத்தில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொருகினால் விண்டோஸிலேயே இருக்கும் டிரைவரில் ஓடும். அப்புறம் மழைக்காலத்தில் சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையே உருவிப் போடுங்கள், இன்டர்நெட் வயரையும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டிருக்கேன். அதுக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

தனியாகத் தேட வேண்டாம், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஆல்சா என்ற பெயரில் இருக்கிறது. டெர்மினலைத் திறந்து ‘ஆல்சாமிக்சர்’ கட்டளையைக் கொடுங்கள். எஃப்6 அழுத்தி சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் தூண்களின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் ஊமையாக்கி வைத்திருக்கிறது. அந்தத் தூணில் நின்று எம் விசையை ஒரு தட்டு. பலருக்கு இதோடு முடிந்துவிடும்.

நீங்க சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. ஃபார்மேட் பண்ணிடலாமா?

பொறுங்கள். ஒரு பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பாருங்கள். முந்தைய பதிலில் சொன்ன ‘எம்எம்’ இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு பாட்டைப் போடுங்கள். சத்தம் வந்தால் சிப், ஓட்டை, ஸ்பீக்கர் எல்லாம் நலம், கோளாறு விண்டோஸில்தான். ஃபார்மேட் பலன் தரும். அங்கும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பொருள்தான் பழுது, பத்து முறை ஃபார்மேட் செய்தாலும் உங்கள் போட்டோக்கள் போவதுதான் மிச்சம்.

என்னிடம் தூக்கி வருவதென்றால் சிபியுவோடு ஸ்பீக்கரையும் அதன் வயரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். சிபியுவை மட்டும் தேவகோட்டையிலிருந்து ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார் ஒருவர். கடையில் போட்டால் கணீரென்று பாடியது. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தார்: ஸ்பீக்கர் வயரை எலி கடித்திருக்கிறது.